பெஞ்ச் பிரஸ்ஸில் வந்த தோள் வலி: ஓய்வா, பயிற்சியா? பழைய எடைக்குத் திரும்புவது எப்படி?

சேலத்துப்பளு (கேள்வி)

வயது 36, சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை. வலது தோளில் சில வாரங்களாக வலி. அடி எதுவும் படவில்லை, 'டப்'பென்று சத்தம் கேட்கவில்லை, வீக்கமோ ரத்தக்கட்டோ கிடையாது. பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய கம்பியான பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) வாராவாரம் எடை ஏற்றிக்கொண்டிருந்த சமயம், இடுப்பில் எடைத் தட்டு கட்டி டிப்ஸும் (இணைக் கம்பிகளில் கை ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றுவது) சேர்த்தேன். அதன் பிறகுதான் தொடங்கியது.

பெஞ்சில் 80 கிலோவுக்கு 5 ரெப் (தொடர்ந்து தூக்கும் தடவை) போய்க்கொண்டிருந்தது. இப்போது 50 கிலோவிலேயே பார் நெஞ்சைத் தொடும் இடத்தில் குத்துகிறது. பாதி உயரம் தாண்டிவிட்டால் வலி இல்லை. பனியன் கழற்றும்போதும், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கும்போதும் வலிக்கிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைகிறது.

ஜிம்மில் ஒருவர் ஆறு வாரம் இரும்பையே தொடாதே என்கிறார். இன்னொருவர் சுளுக்கு எடுக்கக் கூப்பிடுகிறார். ஸ்கேன் எடுக்க வேண்டுமா, ஊசி போடலாமா, எந்தப் பயிற்சியை எவ்வளவு எடையில் தொடங்குவது? விவரமாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இயன்முறை_திருச்சி

பயிற்சி சொல்வதற்கு முன் வலி எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். எடை தூக்குபவர்களுக்குத் தோளில் வரும் வலி பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இரண்டுக்கும் வழி வேறு.

முதலாவது, சுழல் தசைகளின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்). தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். மேலே ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ்தான் அதிகம் பாதிக்கப்படுவது. இதில் கோளாறு என்றால் வலி தோளின் பக்கவாட்டில், மேற்கையில் தடுப்பூசி போடும் இடத்தைச் சுற்றிப் பரவலாக இருக்கும். ஒரு விரலால் சுட்டிக் காட்ட வராது, உள்ளங்கையால் தடவித்தான் காட்டுவார்கள்.

இரண்டாவது, தோளின் உச்சியில் காறை எலும்பு வந்து முடியும் ஏ.சி. மூட்டு. கனமான பெஞ்ச், டிப்ஸ் இரண்டையும் விடாமல் செய்பவர்களுக்கு அந்த எலும்பின் நுனியில் நுண்ணிய முறிவுகள் விழுந்து, ஆறுவதற்குள் மறுபடி விழுந்து, நுனி கரையத் தொடங்கும். இதைப் பளுதூக்குவோர் தோள் என்றே சொல்வதுண்டு. இங்கே வலியை ஒரே விரலால் தொட்டுக் காட்டலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். கையைப் பக்கவாட்டில் மெதுவாக மேலே தூக்குங்கள். ஏறக்குறைய 60 டிகிரிக்கும் 120 டிகிரிக்கும் நடுவில் வலித்து, அதற்கு மேல் வலி விட்டுவிட்டால் சுழல் தசைப் பக்கம் சாய்கிறது. அந்த இடைவெளியில் வலி இல்லாமல் இருந்து, கை காதை நெருங்கும்போது உச்சியில் வலித்தால் ஏ.சி. மூட்டு. அடுத்து, வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி, இடது கையால் முழங்கையைப் பிடித்து இடது தோள் பக்கம் இழுங்கள். உச்சியில் சுருக்கென்றால் ஏ.சி. மூட்டுதான்.

உறைந்த தோள் (மூட்டு இறுகி அசைவு குறைவது) இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, இன்னொருவரை உங்கள் முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இடது கை போகும் அளவுக்கு வலது கை போகாமல் பூட்டு விழுந்ததுபோல் நின்றால், அது எடை தூக்கி வந்த கோளாறு இல்லை. அதற்கு மருத்துவம் வேறு.

கீழே சொல்பவை இருந்தால் இந்தத் திரியை மூடிவிட்டு அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். கையைத் தூக்கவே முடியாமை; இன்னொருவர் தூக்கிவிட்டாலும் நிறுத்த முடியாமல் விழுவது; சத்தத்தோடு வந்த வலி; அக்குளின் முன்மடிப்பு காணாமல் போய் மேற்கை கறுத்துப்போவது (பெஞ்சில் மார்புத் தசை அறுந்ததன் அடையாளம் இது); தோளின் வடிவம் மாறுவது; காய்ச்சலோடு வலி. இடது தோளில், நடந்தாலோ படியேறினாலோ வந்து நின்றால் அடங்கும் வலி, அதோடு வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. கழுத்தைத் திருப்பும்போது முழங்கைக்குக் கீழே விரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் கோளாறு கழுத்தில்.

சுளுக்கு எடுப்பது வேண்டாம். நாண் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும்போது கட்டை விரலால் அழுத்தி உருவினால் எரிச்சல் கூடும், நாணின் பலம் கூடாது. தோளை வெட்டி இழுப்பதை யாரிடமும் அனுமதிக்காதீர்கள்.

சேலத்துப்பளு

பார்த்தேன். வலி பக்கவாட்டில், பரவலாக. கையைத் தூக்கும்போது தோள் மட்டத்தை ஒட்டி வலித்து, மேலே போனால் குறைகிறது. குறுக்கே இழுத்தால் ஒன்றும் இல்லை. வெளிப்பக்கம் திருப்பினால் இரண்டு கையும் ஒரே அளவு போகிறது. மடக்கிய கையை வெளிப்பக்கம் தள்ளும்போது வலது கைக்குக் கொஞ்சம் பலம் குறைவு, ஆனால் தள்ள முடிகிறது.

இயன்முறை_திருச்சி

அப்படியானால் சுழல் தசை நாண் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். நேரில் ஒருமுறை இயன்முறை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆறு வாரம் இரும்பைத் தொடாமல் இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாண் சுமையைப் பார்த்துத்தான் பலப்படும். சும்மா வைத்தால் வலி அடங்கும், ஆனால் நாணும் தசையும் இன்னும் நலிந்துபோகும். ஏழாவது வாரம் பழைய எடையில் கை வைத்தால் முதல் நாளே வலி திரும்பும். நிறுத்த வேண்டியது வலியைக் கிளப்பும் அசைவுகளைத்தான்: டிப்ஸ், நெஞ்சுவரை இறங்கும் பெஞ்ச், கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், அப்ரைட் ரோ (பாரை உடம்பை ஒட்டி மேலே இழுப்பது).

எவ்வளவு வலி பரவாயில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வலிக்குப் பூஜ்யம் முதல் பத்துவரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 3 வரை வரலாம். மறுநாள் காலை எழும்போது முந்தின நாள் காலை இருந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் எடை அதிகம் என்று அர்த்தம். அடுத்த முறை முந்தைய படிக்கு இறங்குங்கள், பூஜ்யத்துக்கு அல்ல. இந்தக் கணக்கு கெட்டுவிடும் என்பதால் பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போடவே கூடாது.

முதல் ஓரிரு வாரம் அசைவில்லாத தள்ளல். சுவரை ஒட்டி, வலது பக்கம் சுவருக்கு இருக்கும்படி நில்லுங்கள். முழங்கை 90 டிகிரி மடங்கி விலாவோடு இருக்கட்டும், இடையில் மடித்த துண்டு. புறங்கையால் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். முழு பலம் வேண்டாம், பாதி போதும். 30 முதல் 45 விநாடி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி, மொத்தம் ஐந்து தடவை. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. பலருக்கு இதிலேயே வலி சற்று அடங்கும். கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிடாதீர்கள், அன்றாட வேலைக்குப் பயன்படுத்துங்கள். இரவில் மல்லாந்து படுத்து, மேற்கைக்கும் முழங்கைக்கும் கீழே ஒரு தலையணை கொடுங்கள். கை உடம்புக்குப் பின்னால் தொங்கினால்தான் வலி எழுப்பும்.

அடுத்து எடையோடு. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது மேற்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டு வைத்து, 1 கிலோ டம்பெல்லை (ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் 1 கிலோதான்) வயிற்றுப் பக்கத்திலிருந்து மேலே திருப்புங்கள். இறக்க 3 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். 15 ரெப், 3 செட் (15 தடவை சேர்ந்தது ஒரு செட்), ஒருநாள் விட்டு ஒருநாள். 15 சுலபமானால் அரைக் கிலோ ஏற்றுங்கள். எடை கூடும்போது ரெப் 10, 8 என்று குறையலாம். துண்டு நழுவினாலோ, கூடவே இடுப்பும் திரும்பினாலோ எடை மிஞ்சிவிட்டது.

நம் ஜிம்களில் தினமும் பார்க்கும் ஒரு தவறு: நின்றபடி கையில் டம்பெல்லை வைத்துக்கொண்டு, முழங்கையை ஒட்டி, கதவு திறப்பதுபோல் உள்ளே வெளியே ஆட்டுவது. புவியீர்ப்பு கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. பக்கவாட்டில் எந்த எதிர்ப்பும் இல்லை. எடையைத் தாங்குவது மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ், சுழல் தசைக்கு வேலையே இல்லை. நின்று செய்ய வேண்டுமானால் கேபிளோ ரப்பர் பேண்டோ வேண்டும். வீட்டில் பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டினால் போதும்.

இதோடு மூன்றைச் சேருங்கள். கையை நேர் பக்கவாட்டில் இல்லாமல் சுமார் 30 டிகிரி முன்பக்கம் தள்ளி, கட்டை விரல் மேலே பார்க்க, தோள் மட்டம்வரை தூக்குவது. முதலில் வெறுங்கை, பிறகு 1 கிலோ. 12 ரெப், 3 செட். இரண்டாவது கேபிள் ரோ (கேபிள் பிடியை வயிற்றுப் பக்கம் இழுப்பது), அதே அளவு. மூன்றாவது புஷ்அப் பிளஸ்: சுவரில் கை ஊன்றி புஷ்அப் எடுத்து, மேலே வந்தபின் முழங்கையை மடக்காமல் முதுகை இன்னும் ஒரு விரற்கடை பின்னே தள்ளுவது. விலாவோடு தோள்பட்டை எலும்பைப் பிடித்து நகர்த்தும் செரேட்டஸ் தசைக்கான வேலை இது. அது சோர்ந்திருந்தால் கை உயரும்போது தோள்பட்டை எலும்பு சரியாகத் திரும்பாது. சுவரில் சுலபமானால் மேசை, பிறகு தரை.

ஆறாவது வாரம் மாற்றம் தெரிய வேண்டும். முழுக்கப் பார்க்கப் பன்னிரண்டு வாரம் கொடுங்கள்.

தண்டால்_கோச்

அண்ணன் சொன்ன பயிற்சி எல்லாம் சரி. ஆனா பெஞ்ச் போடுற விதத்தை மாத்தலைன்னா மூணே மாசத்துல மறுபடி இங்கதான் வந்து நிக்கணும். அதைச் சொல்றேன்.

பார் கீழ இறங்கும்போது முழங்கை உடம்புக்குப் பின்னால போற அளவுக்குத் தோள் முன்பக்கம் இழுபடுது. உங்களுக்குக் குத்துற இடம் அதுதான். ரொம்ப அகலமாப் பிடிச்சு, முழங்கையைத் தோளுக்கு நேரா 90 டிகிரி விரிச்சா இன்னும் மோசம். பிடி அகலம் உங்க ரெண்டு தோள் முனைக்கும் இடையில இருக்குற அகலத்துல ஒன்றரை மடங்குக்கு மேல போகவேண்டாம். யாரையாவது கால் பக்கமா நின்னு பாக்கச் சொல்லுங்க. பார் நெஞ்சுல இருக்கும்போது ரெண்டு முன்கையும் தரைக்குச் செங்குத்தா நிக்கணும். முழங்கை உடம்போட 45 டிகிரில இருந்து 60 டிகிரிக்குள்ள. பார் தொடுற இடம் மார்க்காம்புக் கோட்டுக்கு ஒட்டிக் கீழ. காறை எலும்புப் பக்கம் இறக்குற வேலையே வேண்டாம்.

ஸ்டாண்டு உயரத்தை யாரும் கவனிக்கிறதே இல்லை. கொக்கி ரொம்ப மேல இருந்தா, பாரை எடுக்கவே தோளை மேல தூக்கி எட்ட வேண்டியிருக்கு. பின்னால இழுத்து வச்ச தோள்பட்டை அங்கேயே கழண்டுபோச்சு. அப்புறம் ஒவ்வொரு ரெப்பும் தளர்ந்த தோள்லதான் இறங்கும். கொக்கியை, முழங்கை லேசா மடங்கி, மூணு நாலு சென்டிமீட்டர் தூக்கினா பார் வெளிய வர்ற மாதிரி வைங்க. கனமான செட்டுக்கு ஆள் நின்னு எடுத்துக் குடுக்கட்டும்.

திரும்பி வர்ற வரிசை இப்படி. தரையில படுத்துப் போடுற ஃப்ளோர் பிரஸ் முதல்ல. முழங்கை தரையில முட்டி நின்னுடும், வலிக்கிற கடைசித் தூரத்துக்குப் போகவே முடியாது. டம்பெல்லை உள்ளங்கை ஒண்ணை ஒண்ணு பாக்குற மாதிரி பிடிங்க. உங்க 80 கிலோவுக்கு மொத்தம் 30ல இருந்து 40 கிலோ, அதாவது கைக்கு 15ல இருந்து 20. பலம் கம்மியா இருந்தா 12.5ல ஆரம்பிங்க. 10 ரெப் 3 செட், இறக்க 3 விநாடி, வாரம் ரெண்டு நாள். ரெண்டு மூணு வாரம் வலி 3ஐத் தாண்டாம போச்சுன்னா பெஞ்சுக்கு மாறுங்க. ஆனா நெஞ்சுமேல துண்டைச் சுருட்டி, அமுக்கினா ஒரு நாலு விரல் கனம் நிக்கிற மாதிரி வச்சு, பார் அதுல தொட்டதும் மேல. ஒவ்வொரு வாரமும் சுருட்டலை மெலிசாக்குங்க. எடையும் தூரமும் ஒரே வாரத்துல கூட்டாதீங்க. வலி வந்தா எதனால வந்துச்சுன்னு தெரியாமப் போயிடும்.

நெஞ்சு தொட்டு 40 கிலோ 10 ரெப் சுத்தமா வந்ததும் ஒவ்வொரு வாரமும் 2.5 கிலோ. பக்கத்துக்கு 1.25 தட்டு. 1.25 தட்டு உங்க ஜிம்ல இல்லைன்னா வாங்கி பையில வச்சுக்கங்க, பெரிய செலவில்லை. பக்கத்துக்கு 2.5, மொத்தம் 5ன்னு தாவுறது 40 கிலோவுல எட்டுல ஒரு பங்கு ஏத்துறதாகும். ஆறுற தோளுக்கு அது அதிகம்.

ஓவர்ஹெட் பிரஸ்ஸுக்கு (தலைக்கு மேல தள்ளுறது) முன்னால லேண்ட்மைன் பிரஸ் போடுங்க. பார் ஒரு முனை மூலையில, மறுமுனை கையில. கை நேர் மேல போகாம சாய்வாப் போறதால தோளுக்கு இதமா இருக்கும். டிப்ஸ் கடைசி. திரும்பினாலும் மேற்கை தரைக்கு இணையா வந்ததும் நிறுத்திடணும், தட்டு கட்டவேண்டாம். என்னைக் கேட்டா, உங்க நோக்கம் போட்டி இல்லைன்னா டிப்ஸை விட்டுட்டு குறுகிய பிடி பெஞ்சோட நின்னுக்கலாம்.

ஆர்த்தோ_நெல்லை

ஸ்கேன், ஊசி பற்றிய கேள்விக்கு மட்டும் பதில்.

அடிபடாமல், பலம் பெரிதாகக் குறையாமல் வந்த வலிக்கு முதல் நாளே எம்.ஆர்.ஐ. தேவையில்லை. வலியே இல்லாதவர்களின் தோளிலும், வயது கூடக் கூட, நாண் தடிப்பும் பகுதிக் கிழிசலும் ஸ்கேனில் தெரியும். அறிக்கையில் 'பார்ஷியல் டேர்' என்று பார்த்ததும் பயந்து கையை அசைக்காமல் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது நிலைமையைக் கெடுக்கும். எக்ஸ்ரே ஒன்று எடுப்பதில் தவறில்லை. ஏ.சி. மூட்டைச் சந்தேகித்தால் குழாயை 10 முதல் 15 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். சாதாரணக் கோணத்தில் அந்த மூட்டு மற்ற எலும்புகளோடு மறைந்துவிடும். நாண் முழுதாக அறுந்திருக்கிறதா என்று பார்க்கத் தேர்ந்தவர் கையில் அல்ட்ராசவுண்டே போதும். அறுவை சிகிச்சை யோசிக்கும்போது எம்.ஆர்.ஐ. திடீரென்று அறுந்த முழுக் கிழிசலுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் தசை சுருங்கி, கொழுப்பு படிந்து, தைப்பது கடினமாகிவிடும்.

ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரங்களுக்குக் குறைக்கும். தூக்கமே வராத வலிக்கு, பயிற்சி தொடங்க ஒரு வாய்ப்பாக ஒருமுறை போடலாம். நாணுக்குள்ளே போடக்கூடாது, திரும்பத் திரும்பப் போடக்கூடாது, நாண் நலியும். போட்டபின் இரண்டு வாரமாவது கனமான எடை வேண்டாம். வலி இல்லை என்பதை ஆறிவிட்டதாக நினைத்து எடை ஏற்றுவதுதான் ஊசிக்குப் பின் நடக்கும் பெரிய தவறு. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறும்.

தோள் எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கி இடம் ஏற்படுத்தும் அறுவை சிகிச்சையை யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்து 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், செதுக்காமல் உள்ளே கருவியை விட்டுப் பார்த்ததோடு நிறுத்தப்பட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணம் கண்டார்கள். கிழிசல் இல்லாத இந்த வகை வலிக்குப் பயிற்சிதான் முதல் மருத்துவம்.

இன்னொன்று, பலர் கேட்காத கேள்வி. அண்மையில் சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரை எடுத்தீர்களா? இந்த வகை ஆன்டிபயாட்டிக் தசைநாணைப் பாதிக்கக்கூடியது. எடுத்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், எடை ஏற்றுவதையும் தள்ளிப்போடுங்கள்.

சேலத்துப்பளு

மாத்திரை எதுவும் எடுக்கவில்லை சார். மூவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: இந்த நாட்களில் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்குவது), புல்அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) தொடரலாமா? ஸ்குவாட்டில் பாரைப் பிடிக்கக் கையைப் பின்னால் கொண்டுபோகும்போதே வலிக்கிறது.

தண்டால்_கோச்

தொடரலாம். ஸ்குவாட்ல பாரைக் கீழ, தோள்பட்டை எலும்புமேல வச்சுப் பிடிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். கழுத்துக்கு ஒட்டி மேல் முதுகுச் சதையில ஏத்தி வைங்க, பிடியை ஒரு சாண் அகலமாக்குங்க. அப்பவும் வலிச்சா டம்பெல்லை நெஞ்சோட அணைச்சு காப்லெட் ஸ்குவாட், இல்லை லெக் பிரஸ். டெட்லிஃப்ட்ல கை தொங்கத்தான் செய்யும், பொதுவா வலிக்காது. பாரைத் தரையில இருந்து வெடுக்குனு பிடுங்காதீங்க. முதல்ல கையை இறுக்கி, தட்டுல பார் 'க்ளிக்'னு ஒட்டுற சத்தம் கேட்டதும் தூக்குங்க.

புல்அப் கொஞ்ச நாள் நிறுத்திட்டு லாட் புல்டவுன் (மேல இருக்குற கேபிள் பிடியை உட்கார்ந்து கீழ இழுக்குறது), உள்ளங்கை ஒண்ணை ஒண்ணு பாக்குற பிடில. மேல கையை முழுசா நீட்டித் தோளைத் தளர்த்தித் தொங்கவேண்டாம்.

இயன்முறை_திருச்சி

புல்டவுனில் பாரைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்காமல், நெஞ்சுக்கு முன்னால் மட்டும் இழுங்கள். இரண்டு வாரம் கழித்து, மடக்கிய கையை வெளிப்பக்கம் தள்ளும் பலத்தை இடது கையோடு ஒப்பிட்டு இங்கே எழுதுங்கள். பலம் கூடாமல் குறைந்திருந்தால் பெஞ்சுக்குப் போகாமல் நேரே அல்ட்ராசவுண்டுக்குப் போவோம்.